பக்கத்து வயல்லயும் ட்ரோன், தலைக்கு மேல கேமரா ட்ரோன். யார் எந்த உயரம்னு எப்படிப் பேசிக்கிறீங்க?

வரப்புப்பறவை:

வணக்கம் எல்லாருக்கும். மன்னார்குடி பக்கம் 10 லிட்டர் ட்ரோன் வச்சு வாடகைக்கு மருந்து அடிச்சுக் கொடுக்கிறேன். பைலட் சர்டிபிகேட், யூஐஎன் நம்பர் (ட்ரோனோட பதிவு எண்), இன்சூரன்ஸ் எல்லாம் கையில இருக்கு, அதனால தயவுசெஞ்சு "முதல்ல லைசன்ஸ் எடுப்பா"ன்னு ஆரம்பிச்சிராதீங்க, கேள்வி அது இல்ல.

சம்பாவுல புகையான் பூச்சி விழுந்துச்சுன்னா எல்லா விவசாயியும் ஒரே நேரத்துல ஃபோன் அடிக்கிறாங்க. ஒரே கிராமத்துல மூணு நாலு பார்ட்டி ட்ரோனோட வந்து இறங்குது, எல்லாருக்கும் காத்து எழும்புறதுக்கு முன்னாடி அந்தக் காலை நேரம்தான் வேணும். இப்ப என்ன ஆச்சுன்னா, வாய்க்காலுக்கு இந்தாண்ட நான் ஓட்டிட்டு இருக்கேன், அந்தாண்ட வேற ஒருத்தர், ரெண்டு பேருக்கும் முன்னப்பின்ன பழக்கம் இல்ல, என்னுது டேங்க் காலியாகி ஆர்டிஎல்லுக்குப் போய் (தானா கிளம்புன இடத்துக்கே திரும்புறது) மேல ஏறுது, அதே நேரம் அவருது பேட்டரி இறங்கி அதுவும் தானா ஏறி குறுக்கால வருது, ரெண்டும் அச்சு அசலா ஒரே உயரம். இடிக்கல, கிட்டத்துல தாண்டிப் போச்சு. கீழ நாத்துல களை எடுத்துட்டு நாலு பொம்பளைங்க நிக்கிறாங்க, ஃபுல் டேங்கோட 20 கிலோவுக்கு மேல வர்ற சாமான் அது.

அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்ல பார்த்தா எங்க ஏரியா பச்சை. பச்சைன்னா யார்கிட்டயும் கேட்க வேணாம். சரி, யாரும் யாரையும் கேட்க வேணாம்னா இப்ப மேல யார் இருக்காங்கன்னு எனக்கு யார் சொல்லுவா? இதுக்குன்னு ஏதாவது சிஸ்டம் இருக்கா, இல்ல நாமளா ஏதாவது பண்ணிக்கணுமா? தை பொறந்துட்டா கல்யாண கேமரா ட்ரோனும் சேர்ந்துக்கும், அது தனித் தலைவலி.

ஈபிலைன் ஜாக்கிரதை:

தம்பி கேள்வியிலயே பதிலையும் பாதி சொல்லிட்டீங்க. 2021 ட்ரோன் ரூல்ஸ் வந்தப்ப எல்லாரும் கொண்டாடுனோம், ஏன்னா அதுக்கு முன்னாடி எதுக்கெடுத்தாலும் பர்மிஷன். பச்சை மண்டலத்துல தரையில இருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைக்கும் கேட்க வேணாம். ஏர்போர்ட் சுத்துச்சுவர்ல இருந்து 8 கிலோமீட்டர்ல இருந்து 12 வரைக்கும் 200 அடி. 5ல இருந்து 8க்குள்ள மஞ்சள், தரையில இருந்தே பர்மிஷன் வேணும். 5க்குள்ள சிவப்பு. நீங்க தஞ்சாவூர் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் பக்கமோ திருச்சி ஏர்போர்ட் பக்கமோ வேலைக்குப் போனா மேப் பார்க்காம பெட்டியத் திறக்காதீங்க, ராணுவ இடம்னா கணக்கே வேற.

பச்சைன்னா கேட்க வேணாம்னு அர்த்தம். காலியா இருக்குன்னு அதுல எங்கயும் எழுதல. நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிறாங்க.

இன்னொண்ணு, மேப்பை அன்னன்னைக்குப் பார்க்கணும். எஸ்பி ரேங்க்ல இருக்கிற அதிகாரி ஒரு இடத்த தற்காலிக சிவப்பு மண்டலம்னு அறிவிக்கலாம், ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரைக்கும். மந்திரி வர்றாரு, தேர்த் திருவிழா, இப்படி எதுக்கு வேணாலும் வரலாம். நேத்து பச்சையா இருந்துச்சே சார்னு ஸ்டேஷன்ல போய்ச் சொல்ல முடியாது.

சிஸ்டம் இருக்கான்னு கேட்டீங்க. பேப்பர்ல இருக்கு. 2021 அக்டோபர்ல விமானப் போக்குவரத்து அமைச்சகம் யுடிஎம் (ட்ரோன் போக்குவரத்து மேலாண்மை) கொள்கைன்னு ஒண்ணு வெளியிட்டுச்சு, 1000 அடிக்குக் கீழ பறக்கிற ட்ரோனையெல்லாம் ஏர்போர்ட்ல உக்காந்திருக்கிற கண்ட்ரோலர் வாய்ஸ்ல பேசிப் பேசி பார்த்துக்க முடியாது, அதனால சாஃப்ட்வேர் மூலமா இதைப் பார்த்துக்கத் தனி சேவை நிறுவனங்கள் வரணும்னு. நல்லாத்தான் எழுதியிருக்காங்க. நம்ம வரப்பு வரைக்கும் அது வந்து நான் பார்க்கல.

சும்மாபாக்கறவன்:

ஒரு சாதாரண சந்தேகம். ஏரோப்ளேன்ல நான் இங்க இருக்கேன்னு சிக்னல் அனுப்புற டிரான்ஸ்பாண்டர ட்ரோன்லயும் ஒண்ணு மாட்டிவிட்டா முடிஞ்சுதே? எல்லாருக்கும் எல்லாரும் தெரியும். இதுக்கு எதுக்கு கொள்கை, சேவை நிறுவனம்.

மாவ்லிங்க் மணி:

@சும்மாபாக்கறவன் ப்ரோ, எல்லாரும் முதல்ல கேட்கிற கேள்விதான் இது. விமானங்கள் தன் இடத்தச் சொல்ற ஏடிஎஸ்-பி சிக்னல் அனுப்புறது பெரும்பாலும் 1090 மெகாஹெர்ட்ஸ்ங்கிற ஒரே அலைவரிசையில. ஆயிரக்கணக்குல ட்ரோனும் அதுலயே கத்த ஆரம்பிச்சா பெரிய விமானத்தோட குரல் அமுங்கிப் போயிரும். அதனாலதான் அமெரிக்காவுல விமானத்துறை அமைப்பு எஃப்ஏஏ, சின்ன ட்ரோன் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பக் கூடாதுன்னே தடை போட்டு வச்சிருக்கு. அதுக்குப் பதிலா ரிமோட் ஐடி, ப்ளூடூத்லயோ வைஃபைலயோ ட்ரோன் தன் நம்பர், இடம், உயரம், ஓட்டுறவன் நிக்கிற இடம் எல்லாத்தையும் சுத்துப்பட்டுக்கு மட்டும் சொல்லிட்டே போகும். அங்க 2024 மார்ச்ல இருந்து கறாரா அமல். நம்ம ரூல்ஸ்ல ட்ராக்கிங் பீக்கன் (இடத்தச் சொல்லிட்டே போற கருவி), ஜியோஃபென்ஸ் (எல்லை தாண்டாம தடுக்கிறது) எல்லாம் பின்னாடி அறிவிப்போம், அறிவிச்சா குறைஞ்சது ஆறு மாசம் டைம் தருவோம்னு இருக்கு, அவ்வளவுதான்.

@வரப்புப்பறவை அண்ணே, உங்க கேஸ்ல ரெண்டும் ஏன் ஒரே உயரத்துல வந்துச்சுன்னா அது தற்செயல் இல்ல. ஆர்டுபைலட்ங்கிற ட்ரோன் கண்ட்ரோலர் சாஃப்ட்வேர்ல ஆர்டிஎல் உயரம் ஃபேக்டரி செட்டிங்ல 15 மீட்டர். அதுக்குக் கீழ இருந்தா நேரா 15க்கு ஏறி, அங்கிருந்து நேர்கோட்டுல ஹோம் பாயிண்டுக்கு, அதாவது கிளம்புன இடத்துக்கு வரும். உங்களுதும் அந்தக் குடும்பத்து கண்ட்ரோலர்னு வச்சுக்குவோம், அசெம்பிள் பண்ணிக் கொடுத்தவர் அந்த நம்பரத் தொட்டிருக்க மாட்டார், வாங்குன நீங்களும் தொட்டிருக்க மாட்டீங்க, அந்தாண்ட இருந்தவரும் அப்படித்தான். ஊர்ல இருக்கிற அத்தனை ட்ரோனும் அவசரம்னு வந்தா ஒரே 15 மீட்டர்ல வந்து நிக்கும். அதுவும் டெல்டாவுல 15 மீட்டர்னா நல்லா வளர்ந்த தென்னை அதைவிட உயரம், மட்டையிலயே போய் மாட்டும். மத்த கண்ட்ரோலர்லயும் இதே மாதிரி ஒரு ஃபேக்டரி நம்பர் இருக்கும், தேடிப் பாருங்க.

அதனால முதல் வேலை, உங்க ஆர்டிஎல் உயரத்த மாத்துங்க, பக்கத்துல ஓட்டுறவர்கிட்ட அவருது என்னன்னு கேளுங்க, ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது 10 மீட்டராவது இடைவெளி வைங்க. வயல்ல மரம் எவ்வளவு உயரம்னு பார்த்து அதுக்கு மேல ஒருத்தர் 30, ஒருத்தர் 40. ஸ்மார்ட் ஆர்டிஎல் உங்க போர்டுல இருந்தா அது இன்னும் நல்லது, போன வழியாவே திரும்பி வரும், குறுக்க வெட்டாது.

வேகக் கணக்கும் ஒருதரம் போட்டுப் பாருங்க. அடிக்கும்போது செகண்டுக்கு 5 மீட்டர்னு வைங்க, எதிர்ல வர்றதும் 5, சேர்த்து 10. 100 மீட்டர் தள்ளி இருக்கும்போது பார்த்தீங்கன்னா 10 செகண்ட் இருக்கு. ஆனா அவ்வளவு தள்ளி இருக்கிற ட்ரோன் இந்தப் பக்கம் வருதா அந்தப் பக்கம் போகுதான்னு கண்ணு சொல்லாது, புரியுறதுக்குள்ள பாதி நேரம் போயிரும். கேமரா ட்ரோனா இருந்தா செகண்டுக்கு 15 மீட்டர் சர்வ சாதாரணம்.

டல்லாஸ்வாசி:

நான் இருக்கிறது டல்லாஸ் பக்கம், இங்க வால்மார்ட்ல இருந்து ட்ரோன் டெலிவரி தினமும் தலைக்கு மேல போகுது, அதனால இது எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன். 2024 ஜூலை கடைசில எஃப்ஏஏ விங், ஜிப்லைன் ரெண்டு கம்பெனிக்கும் ஒரே வான்வெளியில, கீழ ஆள் நின்னு பார்க்காமலே ஓட்ட அனுமதி கொடுத்துச்சு. போட்டிக் கம்பெனிங்க, ஆனா மேல இடம் ஒண்ணுதான்.

நான் நினைச்சது என்னன்னா ஒரு பெரிய கண்ட்ரோல் ரூம் இருக்கும், அங்க ஒருத்தர் எல்லா ட்ரோனையும் ஸ்க்ரீன்ல பார்த்து நீ நில்லு நீ போன்னு சொல்லுவார்னு. அப்படி எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனி சாஃப்ட்வேரும் பறக்குறதுக்கு முன்னாடியே "இத்தன மணில இருந்து இத்தன மணி வரைக்கும், இந்த இடத்துல, இந்த உயரத்துக்குள்ள என் ட்ரோன் இருக்கும்"னு ஒரு பெட்டி மாதிரி வரைஞ்சு பதிவு பண்ணணும். அந்த ஏரியாவுல வேற யார் பதிவு பண்ணியிருக்காங்கன்னு காட்டிக் கொடுக்க பொதுவா ஒரு டைரக்டரி இருக்கு, அது யார் இருக்காங்கன்னு மட்டும் சொல்லும், மீதிய ரெண்டு கம்பெனி சாஃப்ட்வேரும் நேரா பேசிக்கும். ரெண்டு பெட்டி முட்டுச்சுன்னா பின்னாடி வந்தவர்தான் நேரத்தையோ வழியையோ மாத்தணும். கல்யாண மண்டபம் புக் பண்ற கதைதான், முன்னாடி அட்வான்ஸ் கொடுத்தவருக்கு முகூர்த்தம், மத்தவங்க வேற தேதி பார்க்கணும். மோதல் வானத்துல தீர்க்கப்படுறது இல்ல, கிளம்புறதுக்கு முன்னாடியே தரையில தீர்ந்துருது. நாசா பல வருஷம் ஆராய்ச்சி பண்ணி எடுத்த வழி இது, ஐரோப்பாவுலயும் யு-ஸ்பேஸ்னு 2023 ஜனவரில இருந்து சட்டம் அமலுக்கு வந்திருக்கு.

ஏர்போர்ட் பக்கம் பறக்கணும்னா அதுக்கு லான்க்னு தனி ஏற்பாடு. ஏர்போர்ட் சுத்தி கட்டம் கட்டமாப் பிரிச்சு இந்தக் கட்டத்துல 100 அடி, அந்தக் கட்டத்துல 200, ரன்வே நேருக்கு 0ன்னு முன்னாடியே எழுதி வச்சிட்டாங்க. ஆப்ல கேட்டா அந்த உயரத்துக்குள்ளன்னா சில செகண்ட்ல ஓகே வந்துரும். முன்னாடி இதுக்கு மாசக்கணக்குல காத்திருப்பாங்களாம்.

இவ்வளவு இருந்தும் 2025 ஜனவரி 9ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாலிசேட்ஸ் காட்டுத்தீயில தண்ணி ஊத்திட்டு இருந்த கனடா விமானத்து இறக்கையில ஒரு டிஜேஐ மினி போய் அடிச்சு ஓட்டை போட்டுச்சு. அந்த இடத்துல பறக்கத் தடை அமல்ல இருந்த நேரம். ஓட்டுனவர் ரெண்டரை கிலோமீட்டர் தள்ளி விட்டுட்டு ட்ரோனையே கண்ணுல பார்க்கல. 250 கிராம் கூட வராத ட்ரோன். விமானம் பத்திரமா இறங்கிருச்சு, ஆனா ரிப்பேருக்குப் போயிருச்சு, ஊரே எரியுற நேரத்துல ஒரு தண்ணி விமானம் குறைஞ்சுது. நம்மூர்ல நானோ ட்ரோன்னா பொம்மைன்னு நினைக்கிறவங்களுக்குச் சொல்றேன்.

சும்மாபாக்கறவன்:

டிரான்ஸ்பாண்டர் மேட்டர் புரிஞ்சுது, நன்றி. டல்லாஸ் சார் சொல்றது கேட்க நல்லா இருக்கு, ஆனா அங்க ரெண்டே கம்பெனி. இங்க ஒருத்தர் ஒரு ட்ரோன், கடன்ல வாங்குனது, கஸ்டமர் வரப்புல நின்னு சீக்கிரம் சீக்கிரம்ங்கிறாரு. யார் போய்ப் பெட்டி வரையப் போறா?

குழுத்தலைவி:

நான் வரையுறேன் தம்பி 😀

விழுப்புரம் பக்கம், மகளிர் குழு மூலமா ட்ரோன் வந்தது எங்களுக்கு, நான்தான் ஓட்டுறேன். ட்ரெய்னிங்ல மேப், மண்டலம், எமர்ஜென்சி எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க, பக்கத்து வயல்ல இன்னொரு ட்ரோன் இருந்தா என்ன பண்ணணும்னு பெருசா பேசல. ஏன்னா அங்க கிரவுண்ட்ல ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் பறக்கும்.

நாங்க என்ன பண்றோம்னா சுத்துப்பட்டு ஊர்ல ட்ரோன் வச்சிருக்கிறவங்க எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குரூப். குட்மார்னிங், சாமி படம் எதுவும் போடக் கூடாது, போட்டா தூக்கிருவோம். முந்தின நாள் சாயந்தரமே போட்டுரணும். எந்த ஊர், யார் நிலம், எந்த வாய்க்காலுக்கு எந்தப் பக்கம், எத்தன மணி, ஆர்டிஎல் எவ்வளவு மீட்டர், ஃபோன் எடுக்கிற ஹெல்பர் நம்பர். ஓட்டுறவங்க ஃபோன் எடுக்கக் கூடாது பாருங்க, அதான் ஹெல்பர் நம்பர். முதல்ல போட்டவங்களுக்குத்தான் அந்த நேரம். ரெண்டாவது வர்றவங்க பக்கத்துத் தாக்குன்னா அரைமணி தள்ளிக்கணும், இல்ல நடுவுல ஒரு முழு வயல் விட்டு ஆரம்பிக்கணும்.

அப்புறம் டேக்ஆஃப் இடம். ஒரே களத்துமேட்டுல ரெண்டு பேர் பாய் விரிச்சு ரெண்டு ட்ரோனையும் வைக்கவே கூடாது. ஹோம் பாயிண்ட் ஒரே இடம்னா ரெண்டும் கடைசில ஒரே இடத்துக்குத்தானே வரும். நிலத்தோட எதிரெதிர் கடைசி நல்லது, ரெண்டும் திரும்பும்போது ஒண்ணுக்கொண்ணு விலகிப் போற மாதிரி அமையணும், நடுவுல குறுக்கு வரக்கூடாது. மண்ணுல குச்சியால கோடு போட்டுப் பார்த்துட்டுத்தான் நாங்க பேட்டரி மாட்டுவோம்.

ஹெல்பர் சும்மா தண்ணி ஊத்துறதுக்கு மட்டும் இல்ல. நான் ட்ரோனைப் பார்ப்பேன், அவ வானத்தையும் ஈபி லைனையும் பார்ப்பா. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டா என்னைக் கேட்காமலே "இறக்கு"ன்னு கத்துவா, நானும் ஏன்னு கேட்காம இறக்கிருவேன், பயிர் மேலயே இறங்குனாலும் பரவாயில்ல.

ஈபிலைன் ஜாக்கிரதை:

அக்கா கடைசில சொன்னது சட்டத்துலயும் இருக்கு, ஆள் ஏறிப் போற விமானத்துக்குத்தான் எப்பவும் முதல் வழி. தேர்தல் நேரத்துல ஹெலிகாப்டர் பள்ளிக்கூட மைதானத்துல எல்லாம் இறங்கும், அங்க இறங்கும்போது உங்க உயரத்துக்கே வந்துரும். அப்புறம் விபத்துன்னு ஏதாவது ஆச்சுன்னா 48 மணி நேரத்துக்குள்ள விமானப் போக்குவரத்து இயக்குநரகம் டிஜிசிஏவுக்கு ரிப்போர்ட் பண்ணணும், ஆள் அடிபடலையேன்னு கமுக்கமா மூட்டை கட்டிட்டுப் போறாங்க நிறைய பேர்.

வரப்புப்பறவை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மணி தம்பி சொன்ன மாதிரி போய்ப் பார்த்தேன், எனக்கு 15தான் இருக்கு. குழுத்தலைவி அக்கா, உங்க மெசேஜ் ஃபார்மட்ட அப்படியே சுட்டுக்கிறேன். ஒரு சந்தேகம், உயரம் எவ்வளவுன்னு குரூப்ல போடுறோம், ஆனா என் ஸ்க்ரீன்ல ஒரு உயரம், போன மாசம் ரோடு அளக்க வந்த சர்வே ட்ரோன் பசங்க லேப்டாப்ல வேற உயரம். அவங்க ட்ரோன் என் கண்ணுக்கு எனக்கு மேல போகுது, நம்பரப் பார்த்தா மைனஸ்ல இருக்கு. எதை நம்புறது?

மாவ்லிங்க் மணி:

ஆஹா, இதத்தான் யாராவது கேட்கணும்னு காத்திருந்தேன்.

உங்க ட்ரோன் மட்டுமே குறைஞ்சது மூணு உயரம் வச்சிருக்கு. டேக்ஆஃப் ஆன இடத்துல இருந்து எவ்வளவுன்னு ஒண்ணு, ஸ்க்ரீன்ல தெரியுறது பெரும்பாலும் அதான். பயிர் மேல எவ்வளவுன்னு ரேடார் அளக்கிறது ஒண்ணு, அடிக்கும்போது ரெண்டு மூணு மீட்டர்னு வைக்கிறது அது. கடல்மட்டத்துல இருந்து ஒண்ணு. இதுக்கு மேல ஜிபிஎஸ்ஸோட சொந்த உயரம், டபிள்யூஜிஎஸ் 84ன்னு பூமியை ஒரு வழுவழுப்பான முட்டை வடிவம்னு கணக்குல வச்சுக்கிட்டு அதுல இருந்து அளக்கிறது. நிஜக் கடல்மட்டம் அந்த வடிவத்தோட ஒட்டாது, ஈர்ப்பு எங்க கம்மியோ அங்க பள்ளமா இருக்கும். உலகத்துலயே பெரிய பள்ளம் நம்ம இந்தியப் பெருங்கடல்ல, இலங்கைக்குத் தெற்கால, கிட்டத்தட்ட 106 மீட்டர். அதுக்குப் பக்கத்துல இருக்கிறதால தமிழ்நாட்டுக் கடற்கரையில ஜிபிஎஸ் உயரம் நிஜ உயரத்தைவிட 90 மீட்டர் அளவுக்குக் கம்மியாக் காட்டும். மெரினாவுல நின்னு ஃபோன்ல ஜிபிஎஸ் ஆப் திறந்தா சிலதுல மைனஸ் எண்பது சொச்சம்னு வரும், ஃபோன் கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க, கெடல.

இப்ப யோசிங்க, நமக்கு அனுமதிச்ச மொத்த உயரமே 120 மீட்டர். ஒருத்தர் டேக்ஆஃப்ல இருந்து 40ங்கிறார், இன்னொருத்தர் ஜிபிஎஸ்ல மைனஸ் 50ங்கிறார். நம்பரப் பார்த்தா 90 மீட்டர் இடைவெளி இருக்கிற மாதிரித் தெரியும். மன்னார்குடி மாதிரி கடல்மட்டத்துக்குக் கிட்ட இருக்கிற சமவெளியில ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான். டல்லாஸ் அண்ணன் சொன்ன பெட்டி முறையும் எல்லாரும் ஒரே அளவுகோல்ல பேசினாத்தான் வேலை செய்யும், ரிமோட் ஐடியில இதனாலயே ஒண்ணுக்கு மேல உயரம் அனுப்ப இடம் வச்சிருக்காங்க.

டெல்டாவுக்கு சுலபமான தீர்வு இருக்கு, நிலம் தட்டை. குரூப்ல எல்லாரும் "டேக்ஆஃப் இடத்துல இருந்து"ன்னு மட்டும் சொல்லுங்க, வாய்க்கால் கரை மேல இருந்து கிளப்புனாலும் ரெண்டு மீட்டர்தான் தப்பும். சர்வே பசங்ககிட்டயும் அந்த உயரத்தையே கேட்டு வாங்குங்க, அவங்க சாஃப்ட்வேர்ல இருக்கும். இதையே கொடைக்கானல்ல பண்ணாதீங்க. மேட்டுல நின்னு கிளப்பி பள்ளத்தாக்குப் பக்கம் நேராத் தள்ளுனா ஸ்க்ரீன் 50ன்னே சொல்லிட்டு இருக்கும், கீழ தரை 500 மீட்டர் போயிருக்கும், 120ங்கிற கணக்கு தரையில இருந்து.

சும்மாபாக்கறவன்:

சரி இதுல கேமரா ட்ரோன் காரர் எங்க வர்றாரு? அவர் குரூப்ல சேர மாட்டார். பாதிப் பேர்கிட்ட யூஐஎன்னே இருக்காது, 2022 பிப்ரவரில வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்ததுக்கப்புறம் எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியாத பீஸ்தான் நிறைய.

குழுத்தலைவி:

சேர மாட்டார்தான். ஆனா அவர் எங்க வருவார்னு ஊருக்கே தெரியும், பத்திரிகையிலயே அடிச்சிருக்கே. மண்டபம் இருக்கிற பக்கத்து நிலத்துக்கு நான் முகூர்த்த நாள்ல தேதியே கொடுக்கிறதில்ல. கும்பாபிஷேகம்னா கோயிலச் சுத்தி கலசத்துல தண்ணி ஊத்துற நேரம் நாலஞ்சு ட்ரோன் இருக்கும், அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் அந்தப் பக்கமே போறதில்ல. மாப்பிள்ளை பொண்ண வயல்ல நிக்க வச்சு எடுக்க வருவாங்க பாருங்க, அதான் சொல்லாம வர்றது. அவங்களப் பார்த்தா ட்ரோனை இறக்கிட்டு நானே நடந்து போய்ப் பேசுவேன். மருந்து அடிக்கிறோம், பட்டுப்புடவையில பட்டா கறை போகாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அவங்களே கால்மணி நேரம் தள்ளி நிப்பாங்க. இல்லன்னா நீங்க 50 மீட்டருக்கு மேல இருங்க, நான் 30க்குள்ள இருக்கேன்னு பேசிக்குவோம், அவங்களுக்கும் மேல இருந்து எடுத்தாத்தான் படம் நல்லா வருதாம்.

வரப்புப்பறவை:

😂 பட்டுப்புடவை ஐடியா சூப்பர் அக்கா. வாய்க்காலுக்கு அந்தாண்ட ஓட்டுனவர் நம்பர் உரக்கடையில வாங்கிட்டேன், அவருக்கும் 15தானாம். நான் 30, அவர் 40னு பேசியாச்சு. அவர் பக்கம் தென்னந்தோப்பு இருக்கு, அதான் அவருக்கு 40. குரூப் இன்னைக்கு ஆரம்பிக்கிறோம், நீடாமங்கலம், கோட்டூர் பக்கம் ஓட்டுறவங்க யாராவது இங்க இருந்தா மெசேஜ் பண்ணுங்க.